ஒரு சொல் வரவு. பல சொல் செலவு

(சின்னாளப்பட்டித் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழில் ‘நூல்’ என்று ஒரு சொல் உண்டு. பஞ்சிலிருந்து திரித்தெடுக்கும் இழைக்கும் அதுவே பெயர். புலவன் யாத்த பொத்தகத்திற்கும் அதுவே பெயர். ‘பனுவல்’ என்னும் சொல்லும் அவ்வாறே இருபொருளும் தாங்கி நிற்பது. நெய்கின்ற கையும் எழுதுகின்ற கையும் செய்யும் தொழில் ஒன்றே எனக் கண்டவர் தமிழர். மேலைநாட்டாரும் இவ்வொப்புமையை அறியாதவர் அல்லர். இலத்தீனத்தில் நெய்தலைக் குறித்த வினையினின்றே ஆங்கிலத்து ‘டெக்சுட்டு’ என்னும் சொல்லும் ‘டெக்சுடைல்’ என்னும் சொல்லும் பிறந்தன. ‘லைன்’ என்பதும் ஆளிச்செடியின் நாரிழையைக் குறித்த இலத்தீனச் சொல்லின் வழிவந்ததே.

இன்று இவ்வூர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை ‘டெக்சுட்டு புக்’ என்கின்றான். தந்தையார் ‘டெக்சுடைல்’ என்கின்றார். அவ்விரு சொற்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை இருவரும் அறியார். தம் வீட்டிலேயே அவ்விரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்து நின்ற ‘நூல்’ என்னும் சொல்லையும் மறந்து வருகின்றனர். கடன் வாங்கியதன் பொருளும் தெரியவில்லை. கையிலிருந்ததன் அருமையும் தெரியவில்லை. இதுவே இன்றைய நிலை.

“ஒரு சொல் போனால் என்ன? அதற்கு ஈடாக வேறொரு சொல் வந்துவிட்டதே” என்று சிலர் அமைதி கூறுவர். ஒன்றுக்கு ஒன்று ஈடு என்னும் அக்கணக்குச் சரிதானா? இவ்வூர் வாணிகர் கணக்கில் வல்லவர். அவர் முறையிலேயே வரவும் செலவும் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

அதற்குமுன் ஒன்று. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பிறர் வந்து தமிழர்க்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு பொருளுக்குப் பல சொல் வருதலும், ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருதலும் ஆகிய இரு நெறியையும் தொல்காப்பியர் திரிசொல்லின் வகைகளாகப் பிரித்துக் காட்டினார். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் ஆகிய நிகண்டுகள் பெயர்களைத் தொகுதி தொகுதியாக அடுக்கியதோடு, ஒருசொற் பல்பொருட்குத் தனித்தொகுதியே வகுத்தன. 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியில் பெயருக்கு ஒரு பகுதியும் பொருளுக்கு ஒரு பகுதியும் தனித்தனியே அமைந்தன. இத்தாலியில் பிறந்த அவர் தமிழர் வகுத்த நெறியைக் கற்று, அதனை அகரவரிசையில் நிறுத்தினார். 1779இல் பப்பிரீசியரின் தமிழ்–ஆங்கில அகரமுதலி சென்னை வேப்பேரியில் வெளிவந்தது. 1862இல் வின்சுலோவின் பேரகரமுதலி வந்தது. ஆங்கிலம் பேசுவோர் தமிழைக் கற்க அகரமுதலி தேடிய காலம் அது. தமிழரோ இன்று தம் வீட்டுச் சொல்லை அறிய ஆங்கில அகரமுதலியின் வலப்பக்கத்தைத் தேடுகின்றனர்!

இனிக் கணக்கிற்கு வருவோர், இவ்வூர்த் தெருவில் நாடோறும் கேட்கும் ஏழே ஏழு ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்ளட்டும்.

முதலாவது ‘பார்ட்டி’. சேலை வாங்க வந்தவர் ‘பார்ட்டி’. தேர்தலில் நிற்பது ‘பார்ட்டி’. பிறந்தநாளுக்கு இடும் விருந்தும் ‘பார்ட்டி’. வழக்குமன்றத்தில் எதிரே நிற்பவரும் ‘பார்ட்டி’. கொள்வோர், கட்சி, விருந்து, வழக்காளி என்னும் நான்கு சொற்கள் நின்ற இடத்தில் ஒரு சொல் அமர்ந்துகொண்டது. அம்மட்டோ! “கொள்வோர் வந்திருக்கின்றார்” என உயர்திணையில் முடிந்த சொற்றொடர், “பார்ட்டி வந்திருக்கிறது” என அஃறிணையில் முடிகின்றது. சொல் மாறியதும் மாந்தர் திணையே மாறிப்போயினர்!

இரண்டாவது ‘கலர்’. இவ்வூருக்கு இச்சொல்லின் இழப்பு மிகப் பெரிது. பொருளின்மேல் கண்ணுக்குப் புலனாவது நிறம். பல நிறம் கூடி அழகுறுவது வண்ணம். நூலை முக்கியெடுக்கும் தொட்டியில் இருப்பது சாயம். தோற்றம், அழகு, பொருள் என்னும் மூன்றும் மூன்று சொற்களால் தெளிவாய்ப் பிரிந்து நின்றன. இன்றோ “கலர் நல்லா இருக்கு, கலர் போகாது, கலர் ஏறவில்லை” என மூன்றும் ஒன்றாய்க் குழம்புகின்றன. போலியான் ஒருவனின் உண்மை வெளிப்பட்டபோது “சாயம் வெளுத்துவிட்டது” என்று ஊரார் கூறுவர். சாயம் என்னும் சொல்லை அறியாப் பிள்ளைக்கு அவ்வழக்கு வெற்றொலியாகவே தோன்றும்.

மூன்றாவது ‘டைம்’. “டைம் என்ன?” என்னுமிடத்து மணி, “டைம் இல்லை” என்னுமிடத்து நேரம், “அந்த டைமில் மழை பெய்தது” என்னுமிடத்துக் காலம், “சாப்பாட்டு டைம்” என்னுமிடத்து வேளை, “சாயங்கால டைம்” என்னுமிடத்துப் பொழுது, “மூன்று டைம் சொன்னேன்” என்னுமிடத்து முறை, “கடனைக் கட்ட டைம் கொடுங்கள்” என்னுமிடத்து நாள். ஏழு சொற்கள் ஒரே வாயிலில் நுழைந்து காணாமற் போயின.

நான்காவது ‘ஆர்டர்’. ஐம்பது சேலை வேண்டுமெனக் கேட்பது கேட்பு. மாவட்ட ஆட்சியர் இடுவது ஆணை. அடுக்கி வைப்பது வரிசை. மின்விசிறி ‘ஆர்டரில் இல்லை’ எனின் பழுது. நான்கும் போயின.

ஐந்தாவது ‘பிரீ’. “ஒன்று வாங்கினால் ஒன்று பிரீ” எனின் விலையில்லாமை, “நாளைக்கு பிரீயா?” எனின் ஓய்வு, “ரோடு பிரீயா இருக்கு” எனின் தடையின்மை, “சட்டை பிரீயா இருக்கு” எனின் தளர்வு, “பிரீயாக விடு” எனின் விடுதலை. இச்சொல்லால் ஆங்கிலத்தாரே இடர்ப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்கரான இரிச்சர்டு சுடால்மன் 1983இல் மென்பொருள் விடுதலை இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். கணினியின் மென்பொருளை எவரும் பயிலவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு ‘பிரீ’ என்னும் அடைமொழியை இட்டார். கேட்டவரோ விலையின்றிக் கிடைப்பது என்று கருதினர். தாம் கூறுவது விடுதலையே, விலையின்மை அன்று என அவர் பல்லாண்டுகளாக விளக்கவேண்டியதாயிற்று. தமிழில் அத்தொல்லை எழவில்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று தமிழர் பெயரிட்டனர். பொருள் உடனே விளங்கிற்று. ஆங்கிலத்தில் இல்லாத தெளிவு தமிழில் இருக்க, தெளிவை விற்றுக் குழப்பத்தை வாங்குவது எவ்வகை வாணிகம்?

ஆறாவது ‘சாரி’. காலை மிதித்தவனும் ‘சாரி’ என்கின்றான். இழவு கேட்கப் போனவனும் ‘சாரி’ என்கின்றான். காதில் விழாதவனும் ‘சாரி?’ என்று வினவுகின்றான். முதல்வன் சொல்ல வேண்டியது “பொறுத்துக்கொள்ளுங்கள்”, இரண்டாமவன் சொல்ல வேண்டியது “வருந்துகின்றேன்”, மூன்றாமவன் கேட்க வேண்டியது “என்ன சொன்னீர்கள்?”. சேலையும் புடவையும் நெய்யும் ஊரிலே துணிக்கும் ‘சாரி’, துயருக்கும் ‘சாரி’ என்றாகிவிட்டது.

ஏழாவது ‘அங்கிள்’. தந்தைக்கு மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா, தாயுடன் பிறந்தவர் மாமா. மூவர்க்கும் உரிமை வேறு, கடமை வேறு, முறையும் வேறு. காதணி விழாவில் பிள்ளையை மடியில் இருத்தும் உரிமை தாய்மாமனுக்கே உண்டு. ‘அங்கிளு’க்கு எந்த முறை? உறவுச்சொல் மறைந்தால் உறவின் ஒழுங்கும் மங்கத் தொடங்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வரவு 7 சொற்கள். செலவு 4, 3, 7, 4, 5, 3, 3 ஆக 29. இத்தகைய கணக்கை எழுதும் கடை எத்துணை நாள் நிலைக்கும்? ‘ஒரு சொல்லுக்கு ஒரு சொல் ஈடு’ என்னும் கூற்று எத்துணைப் பொய் என்பது இதனால் விளங்கும். கடன்சொல் ஒன்று நுழையும்போது ஒரு தமிழ்ச்சொல்லை மட்டும் தள்ளுவதில்லை. தன் பொருட்பரப்பு முழுமையிலும் உள்ள சொற்களைத் தள்ளுகின்றது. சொற்கள் போனபின், அவை பிரித்துக் காட்டிய நுண்பொருள்களும் போகின்றன.

தறிக்குழிக்குச் சென்று பார்த்தால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். பஞ்சு இழையாகி, இழை நூலாகி, நூல் கழியாகவும் கண்டாகவும் சுற்றப்படுகின்றது. நெடுக்கில் ஓடுவது பாவு. குறுக்கில் ஓடுவது ஊடை. ஊடைநூலைச் சுற்றிவைப்பது தார். பாவிழைகளை ஒழுங்காய்ப் பிரித்து நிறுத்தி ஊடையை நெருக்குவது அச்சு. இழைகளை மேலும் கீழும் ஏற்றியிறக்குவது விழுது. நெய்த துணியைச் சுருட்டுவது படைமரம். பின்னர்ச் சேலையில் உடல், கரை, முந்தி. ஒவ்வொன்றும் ஓரிரண்டு அசையில் அடங்கும் சொல். கைத்தொழில் செய்வார் நாவில் தேய்ந்து மெருகேறிய சொல்.

ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் நெசவாளர் மகளொருத்தி ‘வார்ப்’ என்னும் சொல்லைப் பாடத்தில் காண்கின்றாள் எனக் கொள்க. பொருள் தேடுகின்றாள். “நெசவில் நீளவாட்டில் செல்லும் நூல்” என நான்கு சொற்களில் விளக்கம் கிடைக்கின்றது. மனப்பாடம் செய்கின்றாள். அவள் அன்னையார் அடுத்த அறையில் ‘பாவு’ ஓட்டிக்கொண்டிருக்கின்றார்! நான்கு சொல் விளக்கம் அயலானுக்கு வேண்டுமாயின் தேவைப்படலாம். தறிவீட்டுப் பிள்ளைக்கு எதற்கு? பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே ஒரு சுவர் எழுந்துவிட்டது. அச்சுவரின் இப்பால் அறிவும் அப்பால் உழைப்புமாகப் பிரிந்து நிற்கின்றன. தாயின் தொழிற்சொல் பாடத்தில் இல்லை என்றால், தாயிடம் அறிவு இல்லை என்றே பிள்ளை முடிவு கட்டுகின்றது. தமிழ்ச்சொல் மறைவதில் உள்ள கொடுந்தீங்கு இதுவே. அது மொழியின் இழப்பு மட்டும் அன்று. பெற்றோர் தம் மக்கள் முன் மதிப்பிழக்கும் இழப்பு.

கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகப் பெருக, இச்சொற்களை நாவில் வைத்திருப்போர் தொகையும் குறைந்து வருகின்றது. தமிழ்நாட்டு நெசவாளர்க்கென 1935இல் தொடங்கப்பெற்ற கூட்டுறவு அமைப்பின் தமிழ்ப்பெயரை எத்தனை பேர் சொல்கின்றனர்? ‘கோ-ஆப்டெக்சு’ என்னும் ஆங்கிலச் சுருக்கமே அனைவர் வாயிலும் உள்ளது.

தனிச்சொற்களைப் போன்றே சொற்றொடர்களும் மரபு மாறுகின்றன. பொய்யாக அழுவதை ‘முதலைக் கண்ணீர்’ என்கின்றனர். அஃது ஐரோப்பியக் கதையின் மொழிபெயர்ப்பு. தமிழர்க்குப் பழையனூர் நீலியின் கதை உண்டு. அதனின்று பிறந்த ‘நீலிக்கண்ணீர்’ என்னும் தொடரும் உண்டு. பொருள் மிகுந்துள்ள இடத்திற்கே அப்பொருளைக் கொண்டுசெல்லும் பேதைமையை ஆங்கிலேயர் ‘நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோதல்’ என்பர். நியூகாசில் நிலக்கரி மிகுந்த அவர்தம் ஊர். தமிழரோ ‘கொல்லன் தெருவில் ஊசி விற்றல்’ என்பர். ‘தந்தையைப் போலவே மகன்’ என ஆங்கிலத்தார் வறிதே கூறுவதைத் தமிழ்த்தாய் ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று சொல்லிவைத்தாள். சின்னாளப்பட்டியில் இப்பழமொழிக்கு உரையும் வேண்டுமோ! ‘ஊடும் பாவுமாய்க் கலந்தது’, ‘நூல் பிடித்தாற்போல் நேரானது’, ‘இழையோடும் துயரம்’ என்பன யாவும் தறியினின்று எழுந்து தமிழில் நிலைத்தவை. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர், ஆங்கிலேயரின் ஊரையும் வானிலையையும் தமிழர் வாயில் திணிக்கின்றனர். தொடரின் கருத்தை உணர்ந்து, அக்கருத்துக்குத் தமிழில் வழங்கும் தொடரைத் தேடுவதே மொழிபெயர்ப்பு.

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். “ஆங்கிலம் எல்லா மொழியிலிருந்தும் கடன் கொண்டே வளர்ந்தது, தமிழ் கொண்டால் குற்றம் என்ன?” என்பர். தமிழின் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்தில் ஏறியது உண்மை. தமக்கில்லாத பொருளோடு அதன் பெயரையும் அவர் ஏற்றனர். அதனால் அவர் சொல் ஒன்றும் அழியவில்லை. ஆங்கிலத்திலும் சொல்லழிவு நேர்ந்த காலம் ஒன்றுண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசும் வழக்குமன்றமும் பிரெஞ்சியம் பேசின. புல்மேயும் ஆட்டுக்கு உழவனிட்ட ஆங்கிலப் பெயர் நின்றது. சமைத்த ஊனுக்கு ஆண்டையின் பிரெஞ்சியப் பெயர் வந்தது. இன்று தமிழர் உணவுக்கடையில் ஆட்டிறைச்சியைப் பெருமையோடு ‘மட்டன்’ என்று கேட்கின்றனரே, அது வென்றவன் தோற்றவன்மேல் ஏற்றிய சொல். சொற்கடன் எப்போதும் வாணிகக் கொடுக்கல் வாங்கல் அன்று. பெரும்பாலும் அது வலியவன் மெலியவன்மேல் இட்ட வரி.

“சிறுமொழி பெருமொழியை எதிர்த்து நிற்றல் இயலுமா?” எனின், ஐசுலாந்தைப் பாருங்கள். அந்நாட்டு மக்கள் நான்கு இலக்கத்திற்கும் குறைவு. தொலைபேசி வந்தபோது அவர் கடன்சொல் கொள்ளவில்லை. தம் பழநூல்களில் இழையையும் கயிற்றையும் குறித்து வழக்கொழிந்து கிடந்த ‘சீமி’ என்னும் சொல்லை எழுப்பி அதற்குப் பெயராக்கினர். கணினிக்கு, எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் பெண்ணைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துத் ‘தொல்வா’ என்றனர். பல கோடி மக்கள் பேசும் தமிழுக்கு இஃது இயலாதாம்!

இயன்றதா என்பதற்குத் தமிழர் வரலாறே சான்று. 1916ஆம் ஆண்டு மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கினார். அதே 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கக் கழகம் கண்டனர். நெறி வேறாயினும் தேவையை இருசாராரும் உணர்ந்தனர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல் தொகுதி வெளிவந்தது. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டே ஆட்சிச்சொல் அகராதி வந்தது. 1974இல் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கிற்று. 1981இல் அவர் மறைந்தார். 1985இல் முதற்பகுதி வெளிவந்தது. பணி தொடர்ந்து நிறைவுற்றது.

இவற்றின் பயன் ஏட்டோடு நின்றதா? அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், அபேட்சகர் வேட்பாளரானார், மந்திரி அமைச்சரானார், பிரசங்கம் சொற்பொழிவாயிற்று, சில்லா மாவட்டமாயிற்று, கசானா கருவூலமாயிற்று. பேருந்து என்னும் சொல்லை முதலில் நகைத்தவர் உண்டு. இன்று ‘பேருந்து நிலையம்’ என்னும் பலகையைப் படித்து நகைப்பார் எவருமிலர். மின்கணிப்பான், கணிப்பொறி, கணிப்பான் எனப் பல சொற்கள் போட்டியிட்டபின் ‘கணினி’ நிலைத்தது. கைப்பேசி, செல்பேசி, அலைபேசி என இன்று பல சொற்கள் வழங்குவதைக் காட்டி, “தமிழர்க்குள் ஒற்றுமை இல்லை” என இகழ்வாரும் உளர். அஃது இகழ்ச்சிக்கு உரியதன்று. பல நாற்று நட்டு, வலியது தழைக்க விடுவது உழவன் முறை. வழக்கே தேர்ந்தெடுக்கும். ஆனால் வழக்கில் விடுவதற்கு முதலில் வாய் திறக்க வேண்டும்!

ஆகலின் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, ஆங்கிலச் சொல் நாவில் எழும்போது “இங்கே இது எந்தப் பொருளில் வருகின்றது?” என்று தம்மைத் தாமே வினவுதல். பொருள் தெளிந்தால் தமிழ்ச்சொல் தானே முன்வந்து நிற்கும். பொருள் தெளியாதபோதுதான் ஆங்கிலம் வந்து ஒட்டிக்கொள்கின்றது. இரண்டாவது, கடைப்பலகையும் விலைச்சீட்டும் அழைப்பிதழும் தமிழாதல். நிறத்தின் பெயரையும் கரையின் பெயரையும் சேலைத்தாளில் தமிழில் அச்சிட எவர் தடுத்தார்? மூன்றாவதும் தலையாயதும், தறிச்சொற்களைத் தொகுத்தல். ஒவ்வொரு மாணவனும் ஓர் ஏடு எடுத்து, தன் தெரு முதியவரிடம் அமர்ந்து, கருவியின் பெயர், வினையின் பெயர், குறையின் பெயர், அளவின் பெயர் என வகைப்படுத்தி எழுதட்டும். சொல், பொருள், அது வழங்கும் ஒரு தொடர் என மூன்றும் குறிக்கட்டும். நூறு சொல் கிடைப்பினும் அது பேரகரமுதலிக்குச் சின்னாளப்பட்டி தரும் கொடை. முதியவர் நாவோடு அச்சொற்கள் மறைந்துவிட்டால், எந்தப் பல்கலைக்கழகமும் எவ்வளவு பொருள் செலவிட்டும் அவற்றை மீட்டுத் தர இயலாது.

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துகின்றார். இழையைத் தேடிப் பிணைத்தபின்னரே மேலே நெய்கின்றார். “ஓரிழைதானே” என்று விட்டுவிட்டால் துணி முழுதும் பழுதாகும் என்பதை அவர் அறிவார். தமிழ்ப்பாவில் நாளும் இழைகள் அறுகின்றன. தறியை நிறுத்திப் பிணைக்கும் கைகள் இவ்வூரிலேயே உள்ளன. நூலைப் போல சேலை. சொல்லைப் போல இனம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் தொழில்!